நகத்தில் திரும்பிய சிவப்பு

ராஜகோபால் மலையிலிருந்தும் விழவில்லை, மரத்திலிருந்தும் விழவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் பின்சந்தில், யாரோ கொட்டியிருந்த ஈரமான ஆவாரம்பட்டைச் சக்கையில் கால்வைத்து வழுக்கி விழுந்தான். தலையில், வியாபாரிக்குக் கொடுக்க அவன் நெய்து கொண்டுவந்த கைலி மூட்டை இருந்தது. மூட்டை சேற்றில் விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தன்னைப் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டித் திருகியது. விறகு ஒடிவதுபோலச் சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னான். கைலியில் ஒன்றுகூட நனையவில்லை.

தோல் தள்ளும் கைவண்டியிலேயே அவனைப் படுக்கவைத்து, ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் ஷாப்பு ஆட்கள். கைலி வியாபாரி ஷபீ அஹமதுவின் ஆள் குடியாத்தத்துக்கு வந்து சேதி சொன்னபோது, ராஜகோபாலின் மனைவி பூங்காவனம் தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய தாரை அப்படியே கீழே வைத்துவிட்டு ரயிலேறினாள். அது மார்கழி மாதம், 1933.

அவள் போய்ச் சேர்ந்தபோது, முழங்காலுக்குக் கீழே விரல்நுனி மட்டும் தெரிய வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டோடு படுத்திருந்தான் ராஜகோபால். குடியாத்தத்தில் அவனை முந்தி ஒரு பாவு நெய்து முடிக்க ஆள் கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்தானானால் மிதிகட்டை அவன் காலுக்குக் கீழே பேசும். அந்தக் காலைத்தான் இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவர்களை வீட்டுக்கு அனுப்புமுன், கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஆரோக்கியசாமி வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைக் கையெல்லாம் காய்ந்த மாவு. கட்டிலோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கணுக்காலு ரெண்டு பக்கமும் எலும்பு விட்டிருந்தது. டாக்டரு அதைச் சரியா உக்கார வெச்சுட்டாரு. கட்டும் போட்டாச்சு. எங்க வேலை அவ்ளோதான். இனிமே ஆறு வாரம் வேலை உங்களுது."

"சரிங்கய்யா" என்றான் ராஜகோபால்.

"இன்னா சரி? நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே."

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆரோக்கியசாமி ஒவ்வொன்றாகச் சொன்னார். கால் எப்போதும் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு அந்தப் பாதம் தரையில் படவே கூடாது. எங்கே போனாலும் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில்தான். வெளியே தெரிகிற விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்ட வேண்டும். மாவுக்கட்டின்மேல் தண்ணீர் படக் கூடாது; அரித்தால் உள்ளே குச்சி விட்டுச் சொறியக் கூடாது. ஐந்தாவதைச் சொல்லும்போது அவனுடைய பெருவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் வெளுத்தது. விட்டார். உடனே சிவப்பு வந்தது.

"பாத்தியாம்மா? ஒண்ணு, ரெண்டுன்னு எண்றதுக்குள்ள ரத்தம் திரும்பிடணும். காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பாரு."

"கால ஏங்கய்யா அவ்ளோ ஒசரத்துல வெக்கணும்?" என்று கேட்டாள் பூங்காவனம்.

ஆரோக்கியசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களே ஜாஸ்தி. ஏன் என்று கேட்பவர்கள் கம்மி.

"தொங்கப் போட்டா ரத்தம் கீழ எறங்கி வீங்கும். வெறும் காலுன்னா தோலு இழுத்துக் குடுக்கும். கட்டு கல்லு மாதிரி. அது இழுத்துக் குடுக்குமா? வீக்கம் உள்ளயே நெரிச்சு ரத்தத்தை நிறுத்திடும்." பிறகு ராஜகோபாலிடம், "இப்ப நீ திருப்பிச் சொல்லுப்பா" என்றார்.

"கால தூக்கி வெக்கணும். அப்புறம்... வேலை செய்யக் கூடாது. அப்புறம்..." அவன் கூரையைப் பார்த்தான்.

"நான் சொல்றேங்க" என்று பூங்காவனம் முன்னால் வந்தாள். விரலை மடக்கி மடக்கி ஐந்தையும் சொன்னாள். அவர் சொன்ன வார்த்தையில் அல்ல, தன் வார்த்தையில். கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி விடவில்லை.

"விரல் கறுத்துப் போச்சு. நகத்தை அமுக்கினா வெளுத்தது வெளுத்தபடியே நிக்குது. இன்னா பண்ணுவே?"

"ஒசரத் தூக்கி வெப்பேன்."

"வெச்சே. அரை மணி ஆச்சு. மாறல."

"வெந்நீர் ஒத்தடம் குடுப்பேங்க."

"அங்கதான் கால் போகும்!" அவர் தன் முழங்காலில் தட்டிய சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். "ஒத்தடம் கிடையாது, எண்ணெய் கிடையாது, நாளைக்குப் பாத்துக்கலாம் கிடையாது. அரை மணி பாரு. மாறலன்னா வண்டியைப் பூட்டு. நேரா இங்க வா. இப்ப சொல்லு."

சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதினார்.

ஐந்து நாள் ஒழுங்காகப் போயிற்று. ராஜகோபால் கூடத்தில் படுத்திருந்தான். அதே கூடத்தில்தான் தறியும் இருந்தது, பாதி நெய்த பாவோடு. கண்ணைத் திறந்தால் தறி. மூடினால் தெருவில் மற்றவர்கள் வீட்டுத் தறிச்சத்தம். இரண்டுக்கும் நடுவில் அவன் புழுங்கினான். பக்கத்து வீட்டிலிருந்த அவன் அக்கா வள்ளியம்மாள் வரும்போதெல்லாம், "ஆம்பளைய இப்படிப் படுக்க வெச்சா காலு சூம்பிடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள் அவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பூங்காவனம் கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் ஒரு தரம்கூட எதிர்த்துப் பேசினதில்லை.

ஆறாம் நாள் காலை பூங்காவனம் சாயம் போட்ட நூலை வாங்கிவரச் சாயக்காரர் வீட்டுக்குப் போனாள். அங்கே நூல் காயவில்லை. காத்திருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உச்சிவேளையாகிவிட்டது. தெருமுனை திரும்பும்போதே தன் வீட்டுத் தறிச்சத்தம் கேட்டது. அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியாதா? நூலைத் தலையிலிருந்து இறக்காமலே ஓடினாள்.

ராஜகோபால் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். வள்ளியம்மாள் தார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கத்தாதமே" என்றான் அவன், அவள் வாயைத் திறக்குமுன்பே. "நல்ல காலாலதான் மிதிக்கிறேன். அந்தக் காலு பாட்டுக்குச் சும்மாதான் தொங்குது."

"எப்ப உக்காந்தீங்க?"

"நீ போன ஒடனே."

நாலு மணி நேரம். அவன் முகத்தில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. வெயில் வேர்வை அல்ல அது. "கொஞ்சம் வலிக்குது" என்று அவனே ஒப்புக்கொண்டான். இரண்டு பெண்களும் கக்கத்தில் கைகொடுத்து அவனைத் தூக்கிப் பாயில் போட்டார்கள். பூங்காவனம் அவன் விரல்களைப் பார்த்தாள்.

நாவற்பழம்போல இருந்தன. தொட்டாள், பானைத் தண்ணீரைத் தொட்டதுபோலச் சில்லென்றிருந்தது. "நான் தொடறது தெரியுதா?" என்று கேட்டாள். "எங்க தொடறே?" என்றான் அவன். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெளுப்பு அப்படியே நின்றது.

வீட்டில் இருந்த தலையணை, மடித்த துணி எல்லாவற்றையும் அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜட்கா வந்து நின்றது. வாரத்துக்கு ஒருநாள் கைலி பார்க்க வரும் ஷபீ அஹமது, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னா ராஜகோபால், ஒடம்பு எப்படி?" என்று கேட்டபடி உள்ளே நுழைந்தார்.

"சாயபுங்களே, உங்க கடியாரத்துல மணி பாருங்க" என்றாள் பூங்காவனம்.

அவர் ஒன்றும் புரியாமல் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "பன்னெண்டே கால்."

"பன்னெண்டே முக்காலுக்கு எனக்குச் சொல்லுங்க."

வள்ளியம்மாள் அடுக்களைக்குப் போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "சூடு பண்ணி விரலுக்குத் தடவினா ரத்தம் தானா ஓடும். வலின்னா வலிக்கத்தான் செய்யும். எலும்பு சேர வேணாமா?"

"வேணாம் அண்ணி."

வள்ளியம்மாள் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். தான் கேட்டது சரிதானா என்று அவளுக்குச் சந்தேகம். பூங்காவனம் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "எண்ணெயும் வேணாம், ஒத்தடமும் வேணாம். அரை மணி பாக்கணும். மாறலன்னா ஆம்பூருக்குப் போகணும்."

"அங்க போனா கால எடுத்துடுவாங்க" என்றான் ராஜகோபால். அவன் குரலே மாறியிருந்தது. "எனக்குத் தெரியும். கால வெட்டிடுவாங்க. நான் வர மாட்டேன்."

"போவலன்னாதான் எடுப்பாங்க!"

பூங்காவனம் நகத்தை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். ஷபீ அஹமது கடிகாரத்தையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு அவர் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை. அவளே எழுந்துவிட்டாள்.

"சாயபுங்களே, வண்டி வேணும்."

"எடுத்துக்கம்மா. ஒண்ணே கால் மணி பாசஞ்சர் இருக்குது. ஸ்டேஷன் மூணு மைலு. குதிரைய வெரட்டினா புடிச்சிடலாம்." அவர் கடிகாரத்தை உள்ளே போட்டார். "நானும் வர்றேன். ஒத்தப் பொம்பளையா இவனை எப்படித் தூக்குவே? வியாபாரம் ஓடியா போய்டும்?"

வண்டியில் காலை உயர்த்தி வைக்க ஒன்றும் இல்லை. அதனால் ஷபீ அஹமதுவின் கைலி மூட்டையை அடியில் போட்டு அதன்மேல் காலை வைத்தார்கள். மேடு பள்ளத்தில் வண்டி எகிறும்போதெல்லாம் ராஜகோபால் கத்தினான். ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஷபீ அஹமதும் ஜட்காக்காரரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, பூங்காவனம் கக்கத்துக் கட்டைகளோடு பின்னால் ஓடினாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு பலகையில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

படுக்கவைத்தாயிற்று. காலை எதன்மேல் வைப்பது? மூட்டை வண்டியோடு போய்விட்டது. பூங்காவனம் ஒரு கணம்தான் யோசித்தாள். பலகையோரம் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள். ஊரார் பார்க்கப் புருஷன் காலைத் தோளில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மேல்பட்டி போயிற்று. பச்சகுப்பம் போயிற்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நகத்தை அழுத்திப் பார்த்தாள். எதிரே இருந்த ஒரு மூதாட்டி, "இன்னாம்மா அமுக்கி அமுக்கிப் பாக்குறே?" என்று கேட்டார். "உசுரு இருக்குதான்னு பாக்குறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆரோக்கியசாமி ஒரு பார்வைதான் பார்த்தார். டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, டாக்டர் வந்ததும் பெரிய கத்திரியை எடுத்து மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்தார். உள்ளேயிருந்த பஞ்சையும் விடாமல் வெட்டினார். ராஜகோபால் பெரிய மூச்சு விட்டான். எல்லாரும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் நகரவே இல்லை. பிறகு மெல்ல, சாயத்தொட்டியில் நூல் நிறம் பிடிப்பதுபோல, கருநீலத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஏறியது.

"அமுக்கிப் பாரும்மா" என்றார் ஆரோக்கியசாமி. தான் செய்யாமல் அவளைச் செய்யச் சொன்னார்.

அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். ஒன்று, இரண்டு.

சிவந்தது.

"பொழுது சாயற வரைக்கும் வீட்டுல வெச்சிருந்தா இந்தப் பாதம் செத்திருக்கும்" என்றார் டாக்டர். "யார் இதைக் கவனிச்சது?"

ராஜகோபால் கையை நீட்டி மனைவியைக் காட்டினான். வாசலில் நின்ற ஷபீ அஹமது மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் கடியாரத்தைவிட இந்தம்மா கரெக்டுங்க" என்று டாக்டரிடம் சொன்னார்.

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து, புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். வந்ததும் பூங்காவனம் செய்த முதல் வேலை, தறியிலிருந்து மிதிகட்டைகளைக் கழற்றி வள்ளியம்மாளிடம் கொடுத்ததுதான். "உங்க வீட்டுல வெச்சிக்குங்க அண்ணி. நான் கேட்டாத்தான் குடுக்கணும். அவரு கேட்டா இல்ல."

வள்ளியம்மாள் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளை மிஞ்சிய காவலில்லை. தம்பி காலைத் தலையணையிலிருந்து ஒரு சாண் இறக்கினால், பக்கத்து வீட்டிலிருந்தே "டேய், தூக்குடா கால!" என்று குரல் வரும்.

மாசி மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த காலைப் பார்த்ததும் ராஜகோபாலின் முகம் சுண்டிப்போயிற்று. சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, கணுக்கால் ஒரு பக்கமும் அசையாமல் மரக்கட்டைபோல நின்றது. "இது என் காலே இல்ல" என்றான்.

"உன் காலுதான். தூங்குது. இனிமே எழுப்பணும்" என்று ஆரோக்கியசாமி முக்காலியை இழுத்தார். காலை வெந்நீரில் வைத்து, பாதத்தை மேலும் கீழும் மடக்க வேண்டும். பெருவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். முதலில் இரண்டு கட்டையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து நடக்க வேண்டும். பிறகு ஒரு கட்டை. அந்த ஒற்றைக் கட்டை முறிந்த கால் பக்கம் அல்ல, நல்ல கால் பக்கம். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். சாயங்காலத்தில் வீங்கினால் பயப்பட வேண்டாம், படுத்து உயர்த்தினால் வடிந்துவிடும்.

இந்தத் தரம் ராஜகோபாலே முழுவதையும் திருப்பிச் சொன்னான். ஒன்றும் விடவில்லை. படி இறங்குவதை மட்டும் மாற்றிச் சொன்னான். இரண்டாம் தரம் அதையும் சரியாகச் சொன்னான்.

பூங்காவனம் அப்போது ஒன்று கேட்டாள். "ஐயா, பாதத்தை மேல கீழ அசைக்கணும்னீங்க. தறியில மிதிகட்டைய மிதிக்கறதும் அதே அசைவுதானுங்களே?"

ஆரோக்கியசாமி எழுந்துபோய் டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் அவளை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். உட்கார்ந்தபடியே மிதிப்பதால் உடம்பின் பாரம் காலில் விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரியான யோசனை. ஆனா முதல் வாரம் கால் மணி நேரம். அதுக்கு மேல வேணாம். முடிச்ச ஒடனே படுத்துக் கால உயர்த்தணும்."

அவர்கள் கிளம்பும்போது ஆரோக்கியசாமி பூங்காவனத்தை வார்டுக்குள் கூப்பிட்டார். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியோரம் விழுந்து கால் முறிந்த ஒருவர் புதுக்கட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எல்லம்மா அழுதுகொண்டிருந்தாள். "நான் சொன்னா தலையாட்டுறாங்க" என்றார் ஆரோக்கியசாமி. "நீ சொல்லும்மா."

பூங்காவனம் கட்டிலோரம் உட்கார்ந்தாள். தறிக்குழியில் நாலு மணி நேரம் தொங்கிய காலின் கதையை முதலில் சொன்னாள். எல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வார்டில் மற்றவர்களும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். "நானேதான் அந்த முட்டாளு" என்று ராஜகோபால் கட்டையை ஊன்றிக்கொண்டு சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், படுத்திருந்தவர் உள்பட.

வீட்டுக்கு வந்ததும் வள்ளியம்மாளிடமிருந்து மிதிகட்டைகள் திரும்பின. முதல் நாள் ராஜகோபாலால் வலது கட்டையை ஒரு விரற்கடைகூட அழுத்த முடியவில்லை. அழுதான். இரண்டாம் நாள் திட்டினான். கட்டையையும், எலும்பையும், மனைவியையும். நாலாம் நாள் கட்டை இறங்கியது. கால் மணி ஆனதும் பூங்காவனம் தாரைப் பிடுங்கிக்கொள்வாள். "இன்னும் ஒரு முழம்மே" என்று கெஞ்சுவான். "ஒரு இழைகூட இல்ல" என்பாள். கால் மணி அரை மணியாயிற்று, அரை மணி ஒரு மணியாயிற்று. பங்குனி பாதியில் ஒரு கக்கத்துக் கட்டை போயிற்று. சித்திரையில் மற்றதும் போயிற்று. அந்தப் பாவு முடிந்து அடுத்த பாவும் ஏறியது. ஷபீ அஹமது வந்து கைலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முன்னைக்கு இப்ப நெசவு நல்லா இருக்குதேப்பா" என்றார். ராஜகோபால் அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலை உருவமான சிரசு வரும் வழியெல்லாம் தலை தலையாக ஜனம். இருட்டு பிரியுமுன்பே கிளம்பி ராஜகோபால் கையில் கம்புகூட இல்லாமல் ஊர்வலத்தோடு நடந்தான். பூங்காவனமும் வள்ளியம்மாளும் பக்கத்தில் நடந்தார்கள். தெரிந்தவர்களெல்லாம் நிறுத்தி நிறுத்தி அவன் காலைப் பார்த்தார்கள். "எந்த வைத்தியரு? எந்த எண்ணெய்?" என்று ஒருவர் கேட்டார். ராஜகோபால் வாயைத் திறக்குமுன் வள்ளியம்மாள் முந்திக்கொண்டாள்.

"எண்ணெயா? எண்ணெய எடுத்துக்கிட்டு வந்தவளையே வேணாம்னு நிறுத்திட்டா எங்க பூங்காவனம். அவளைக் கேளு, ஒண்ணொண்ணா சொல்லுவா. அரைகுறையா கேட்டுட்டுப் போனே, விட மாட்டா!"

பம்பைச் சத்தம் நெருங்கியது. தேங்காய் உடைபடும் சத்தம் மழைபோலக் கொட்டியது. சிரசு தெருமுனை திரும்பியதும் ஜனம் ஒரே அலையாக முன்னால் தள்ளியது. முன்னால் நின்ற ஓர் ஆள் மறைத்ததால் ராஜகோபாலுக்கு அம்மன் முகம் தெரியவில்லை. கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு அவன் எட்டிப் பார்த்தான்.

பூங்காவனம் அம்மனைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தாள். இடது குதிகாலும் வலது குதிகாலும் சேர்ந்தாற்போலத் தரையைவிட்டு எழும்பியிருந்தன. இரண்டு பெருவிரல்களிலும் தன் முழு உடம்பையும் தாங்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தான் அவள் புருஷன்.